சந்தோஷமாக இருக்கச் சொல்வது யார்?

செமஸ்டர் முடிந்து ஊருக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. அடுத்து கிரிக்கெட் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். அது இன்னொரு நாளைக்கு இருக்கட்டும். இந்த முறை கொஞ்சம் கனமான விஷயம். மனதில் கிடந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது, எழுதித் தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களும் படிப்பீர்கள் என்பதால் எங்கள் சபை பாஷையை முடிந்தவரை விளக்கிக்கொண்டே போகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சித்திக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. இரண்டு வருடமாக டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். போகும்போதும் எடை பார்ப்பார்கள், முடிந்த பிறகும் பார்ப்பார்கள். இடைப்பட்ட நாளில் எவ்வளவு தண்ணீர் உடம்பில் சேர்ந்தது என்று அதில் தெரிந்துவிடும். அதனால் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். தாகம் தாங்கவில்லை என்றால் ஒரு ஐஸ் துண்டை வாயில் போட்டுக்கொள்வார். கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு இளநீரும் ஏத்தம்பழமும் கூடாது என்றால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். பொட்டாசியம் ஏறினால் இதயத்துக்கே ஆபத்து. கீரையைக்கூட வேகவைத்து தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சாப்பிடுகிறார். இடது கையில் இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்து ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே தேனீ இரைவதுபோல ஒரு அதிர்வு இருக்கும். முதல் தடவை தொட்டபோது பயந்து கையை எடுத்துவிட்டேன். சித்தி சிரித்தார்.

நான் வந்த முதல் வாரம் ஜெபக்குழுவிலிருந்து இரண்டு அம்மாக்கள் சித்தியைப் பார்க்க வந்தார்கள். டயாலிசிஸ் முடிந்த மறுநாள், சித்திக்கு எழுந்து நடக்கவே தெம்பில்லாத நேரம். ஜெபம் எல்லாம் நன்றாகத்தான் செய்தார்கள். கிளம்பும்போது ஒருவர் சொன்னார்: "என்னம்மா, மொகத்துல ஒரு சந்தோஷமே இல்லியே? இரட்சிக்கப்பட்ட பிள்ளை இப்படியா இருக்கது? விசுவாசம் கொறஞ்சா வியாதி எப்படிப் போவும்?"

சித்தி பதில் சொல்லவில்லை. தெம்பில்லாமலே எழுந்துபோய் கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்து அனுப்பிவைத்தார். அவர்கள் படியிறங்கியதும் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று அழுதார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால் நானும் யோக்கியன் இல்லை. சித்திக்கு முதல் டயாலிசிஸ் நடந்த அன்று ஹாஸ்டலில் இருந்துகொண்டு, எந்நேரமும் மகிழ்ச்சியாக இருக்கச் சொல்லும் வசனம் ஒன்றை ரோஜாப்பூ படத்தோடு வாட்ஸ்அப்பில் அனுப்பியவன்தான் நான். அனுப்பிவிட்டு மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போய்விட்டேன். ஒரு போன்கூட செய்யவில்லை.

இரட்சிப்பு என்றால் என்ன என்று வகுப்பு நண்பன் ஒருவன் ஒருமுறை கேட்டான். சிஎஸ்ஐ, பெந்தெகொஸ்தே சபைகளில் நாங்கள் இரட்சிப்பு என்போம், கத்தோலிக்கர்கள் மீட்பு என்பார்கள். எனக்கு இரண்டாவது சொல்தான் விளக்குவதற்கு வசதி. அடகுக்கடையில் வைத்த நகையை மீட்கிறோம் இல்லையா, அதே மீட்புதான். நகை தானாக நடந்து வீட்டுக்கு வர முடியாது. யாராவது பணம் கட்ட வேண்டும். மனிதன் பாவத்தில் அடகுபோய்க் கிடந்தான், இயேசு தன் உயிரைக் கொடுத்து மீட்டார் என்பது எங்கள் நம்பிக்கை. நகை திரும்பி வந்த அன்று வீட்டில் எவ்வளவு சந்தோஷம் என்று அடகு வைத்த குடும்பத்துக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் தெரியும் :-) அதே நேரம், நகையை மீட்ட அன்று மழை பெய்தால் ஒழுகுகிற கூரை ஒழுகத்தான் செய்யும். கூரை ஒழுகுகிறது என்பதற்காக நகை கைக்கு வரவில்லை என்று யாரும் சொல்வதில்லை.

சபைக்குள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிவிட்டோம் என்பதுதான் என் கருத்து.

அந்தக் குழப்பத்துக்குப் பெரிய காரணம் சாட்சி நேரம் என்று நினைக்கிறேன். ஆராதனையில் ஒருவர் எழுந்து, கடவுள் தனக்குச் செய்ததை எல்லோருக்கும் சொல்வதைத்தான் சாட்சி என்கிறோம். நல்ல வழக்கம். ஆனால் நான் சின்ன வயதிலிருந்து கேட்ட சாட்சிகள் ஏறக்குறைய எல்லாமே ஒரே அச்சு. வியாதி வந்தது, ஜெபித்தோம், போய்விட்டது. வேலை இல்லை, உபவாசம் இருந்தோம், கிடைத்தது. வளைகுடாவுக்கு விசா வராமல் இருந்தது, வந்துவிட்டது. எனக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்தபோது அம்மாவும் போய் மைக் பிடித்தார்கள். இதில் ஒன்றும் பொய் இல்லை. ஆனால் வியாதி போகாதவர் அந்த மைக்குக்கு முன்னால் என்ன சொல்வார்? "இரண்டு வருடமாக ஜெபிக்கிறோம், இன்னும் அப்படியேதான் இருக்கிறது" என்று ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்ல இடமில்லை. கொஞ்ச நாளில் அவர்கள் கடைசி பெஞ்சுக்குப் போவார்கள், அப்புறம் வருவதே குறைந்துவிடும். சித்தி இப்போது சாட்சி நேரம் வரும் கூட்டங்களுக்கு மட்டும் போவதில்லை. உடம்பு முடியவில்லை என்று சொல்லிவிடுவார். அது பாதி உண்மை.

சரி, வேதாகமத்தில் துன்பத்தின் நடுவே சந்தோஷப்பட்டவர்கள் யார் என்று இந்த விடுமுறையில் தேடிப் பார்த்தேன். ஆபகூக் என்ற தீர்க்கதரிசி, அத்திமரம் பூக்காமல் தொழுவத்தில் ஒரு மாடும் இல்லாமல் போனாலும் தன்னை மீட்கிற தேவனில் களிகூருவேன் என்கிறான். அந்தப் பாட்டு முடியும்வரை அத்திமரம் பூக்கவே இல்லை. பவுலுக்கு உடம்பில் ஒரு முள் இருந்தது, அது என்ன நோய் என்று அறிஞர்கள் இன்றுவரை விவாதிக்கிறார்கள். எடுத்துவிடும்படி மூன்று முறை கேட்டான், எடுக்கப்படவில்லை. இவர்கள் எல்லாம் நம் சாட்சி நேரத்துக்கு வந்திருந்தால் மைக் கொடுத்திருப்போமா என்பது சந்தேகம்.

எனக்கு அதிகம் பிடித்தது பிலிப்பி சிறைச்சாலை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஞாயிறு பள்ளியில் இந்தக் கதையைப் பூமியதிர்ச்சிக் கதையாகத்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பிலிப்பி அன்றைய மக்கெதோனியாவில் இருந்த ரோமக் குடியேற்ற நகரம். இன்றைக்கு வடக்கு கிரேக்கத்தில் அதன் இடிபாடுகள் இருக்கின்றன, 2016-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். அங்கே குறி சொல்லும் ஓர் அடிமைப் பெண். அவளை வைத்து அவளுடைய எஜமான்கள் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். பவுல் அவளிடமிருந்த ஆவியைத் துரத்திவிட, வருமானம் போயிற்று. உடனே பவுலையும் சீலாவையும் சந்தைவெளிக்கு இழுத்துக்கொண்டு போய், ஊரைக் கலக்குகிறார்கள் என்று பழிபோட்டார்கள். விசாரணை கிடையாது. துணியைக் கிழித்து, தடியால் அடித்து, உள் சிறையில் தள்ளி, கால்களைத் தொழுமரத்தில் மாட்டினார்கள்.

நடுராத்திரியில் இரண்டு பேரும் ஜெபித்துப் பாடினார்கள், மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 16-ம் அதிகாரம் சொல்கிறது. அதன் பிறகுதான் பூமி அதிர்ந்தது, கதவுகள் திறந்தன. பாட்டு முதலில், அதிர்ச்சி அப்புறம். பாடும்போது முதுகில் காயம் அப்படியே இருந்தது. யாரும் கழுவிக்கூட விடவில்லை. இந்த வரிசையை நான் இத்தனை வருடம் கவனித்ததே இல்லை. அதைவிட வேடிக்கை, கதவு திறந்த பிறகும் அவர்கள் ஓடவில்லை. நம்ம ஊர் சாட்சியாக இருந்தால் "கதவு திறந்தது, வெளியே வந்துவிட்டோம், ஸ்தோத்திரம்" என்று முடிந்திருக்கும். இங்கே நடந்தது வேறு. கைதிகள் தப்பிவிட்டார்கள் என்று நினைத்து வாளை உருவித் தன்னையே கொல்லப்போன காவலாளியை பவுல் சத்தம்போட்டுத் தடுத்தான். இரட்சிக்கப்பட என்ன செய்ய வேண்டும் என்று கேட்டவன் அந்தக் காவலாளிதான். காயத்தைக் கழுவிவிட்டவனும் அவனேதான், அன்று ராத்திரியே.

மறுநாள் காலையில் நடந்ததை யாரும் பிரசங்கத்தில் சொல்வதில்லை. அதிகாரிகள் ஆள் அனுப்பி, போகலாம் என்றார்கள். பவுல் போக மறுத்துவிட்டான். நாங்கள் ரோமக் குடிமக்கள், விசாரிக்காமல் எல்லோருக்கும் முன்பாக அடித்தீர்கள், இப்போது ரகசியமாக அனுப்பப் பார்க்கிறீர்களா, அவர்களே நேரில் வந்து வெளியே கூட்டிப் போகட்டும் என்றான். அவர்களும் பயந்துபோய் வந்து கெஞ்சிக் கேட்டு அனுப்பினார்கள்.

மதம் என்பது வெறும் மயக்க மருந்து, வலி தெரியாமல் இருக்கக் கொடுக்கிற அபின் என்று என் ரூம்மேட் அடிக்கடி சொல்வான். ராத்திரி இரண்டு மணி வரைக்கும் இதைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறோம். அவன் சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். சந்தோஷமாக இரு என்று சொல்லி வாயடைக்கிற பழக்கம் எங்களிடம் நிறையவே இருக்கிறது. ஆனால் ராத்திரி பாடிய அதே ஆள் காலையில் சட்டம் பேசியதை அவன் எங்கே வைப்பான்? அபின் சாப்பிட்டவன் மறுநாள் காலையில் அதிகாரியை நேரில் வரச்சொல்ல மாட்டான். ரூம்மேட், இதைப் படித்தால் பதில் சொல், ஹாஸ்டல் திறந்த பிறகு பேசலாம்.

அதே பிலிப்பி ஊர்ச் சபைக்கு பவுல் பிற்பாடு எழுதிய கடிதமும் இருக்கிறது. எழுதும்போது மறுபடியும் சிறையில்தான் இருந்தான். நான்கே அதிகாரம். மூல கிரேக்கத்தில் மகிழ்ச்சியைக் குறிக்கும் சொற்கள் 16 இடங்களில் வருகின்றன. நான் சித்திக்கு ரோஜாப்பூ படத்தோடு அனுப்பிய மாதிரியான வசனங்களை எல்லோரும் எடுப்பது இந்தக் கடிதத்திலிருந்துதான். முழுவதும் ஒரே மூச்சில் படித்துப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. பிலிப்பியிலிருந்து உதவி கொண்டுவந்த எப்பாப்பிரோதீத்து என்பவன் சாகக் கிடந்து பிழைத்திருக்கிறான். அவன் போயிருந்தால் எனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் வந்திருக்கும் என்ற பொருளில் பவுல் வெளிப்படையாக எழுதுகிறான். இன்னோரிடத்தில் அழுதுகொண்டே எழுதுவதாகச் சொல்கிறான். மகிழ்ச்சிக் கடிதம் என்று பெயர் வாங்கிய கடிதத்துக்குள் இவ்வளவு துக்கமும் கண்ணீரும் இருக்கிறது. அவன் அதை மறைக்கவில்லை. அதையும் சேர்த்துப் படித்தால்தான் மகிழச் சொல்வதற்கு அவனுக்கு என்ன தகுதி என்று புரிகிறது. சிறைக்குள் இருந்துகொண்டு சொல்கிறான். நான் மெஸ்ஸுக்குப் போகிற அவசரத்தில் அனுப்பினேன்.

இதற்கு எங்கள் மாவட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. நான் கத்தோலிக்கன் இல்லை, இருந்தாலும் தேவசகாயம் பிள்ளையின் கதை எனக்குப் பிடிக்கும். 1712-ல் நட்டாலத்தில் பிறந்தவர், அப்போது பெயர் நீலகண்டன். மார்த்தாண்ட வர்மா காலத்தில் பத்மநாபபுரம் அரண்மனையில் வேலை. வீட்டில் கால்நடைகள் சாக, பயிர் அழிய, அடுத்தடுத்து நஷ்டம் வந்து நொறுங்கிப்போயிருந்தார் என்று அவர் வரலாற்றில் வருகிறது. அந்த நேரத்தில் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னவர் டிலனாய். யார் இந்த டிலனாய்? 1741-ல் குளச்சல் போரில் திருவிதாங்கூரிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படைத் தலைவர். பிற்பாடு அதே திருவிதாங்கூர் படைக்குப் பயிற்சி கொடுத்துப் பெரிய பதவிக்கு வந்தார். கடைசிவரை இங்கேயே இருந்து 1777-ல் இறந்தார். உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கும் அவருடைய கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது, போனால் பாருங்கள்.

மாடும் பயிரும் போனவருக்கு யோபுவைப் பற்றிச் சொன்னவர், தானே எல்லாம் இழந்து அந்நிய நாட்டில் சிறைப்பட்டவர். அதனால்தான் அந்தக் கதை உள்ளே இறங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. வெற்றிபெற்ற தளபதி ஒருவர் வந்து அதையே சொல்லியிருந்தால் நீலகண்டன் கேட்டிருப்பாரா தெரியாது. யோபுவின் நண்பர்களும் முதலில் ஏழு நாள் பேசாமல் தரையில் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே அதுதான் உருப்படியான காரியம். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. நீ ஏதோ தப்பு செய்திருக்கிறாய், இல்லாவிட்டால் இப்படி வருமா என்று ஆரம்பித்தார்கள். புத்தகத்தின் முடிவில் கடவுள் கோபப்பட்டது, புலம்பித் தீர்த்த யோபுவின்மேல் அல்ல, இந்த நண்பர்கள்மேல். எங்கள் வீட்டுக்கு வந்த அம்மா இந்தப் பகுதியைப் படிக்கவில்லை போலிருக்கிறது.

நீலகண்டன் 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். லாசரு என்ற பெயரின் தமிழ் அது. சாட்சி அச்சுப்படி பார்த்தால் அதற்குப் பிறகு மாடும் வயலும் திரும்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை. 1749-ல் கைதானார், சித்திரவதைப்பட்டார், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. 2022 மே 15 அன்று ரோமில் புனிதராக அறிவித்தபோது எங்கள் பக்கம் வெடி போட்டுக் கொண்டாடினார்கள், சிஎஸ்ஐக்காரர்களும் சேர்ந்துதான். கொண்டாட 270 வருடம் ஆயிற்று. அவருடைய சாட்சியில் "போய்விட்டது, கிடைத்தது" என்ற பகுதி இல்லவே இல்லை.

அதற்காக அழுவதுதான் பக்தி என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி ஒரு கூட்டமும் இருக்கிறது, துன்பம் வந்தால்தான் பரலோகம் என்று வியாதியை மெடல்போல மாட்டிக்கொள்கிறவர்கள். அதுவும் வேண்டாம். சித்திக்கு மாற்றுச் சிறுநீரகம் கிடைக்க வேண்டும் என்று நான் தினமும் ஜெபிக்கிறேன். பதிவு செய்து காத்திருக்கிறோம். கிடைத்தால் நானே மைக் பிடித்துச் சாட்சி சொல்வேன். என் சண்டை ஒன்றே ஒன்றுதான். இரட்சிப்பின் சந்தோஷத்தை முகத்தில் காட்டச் சொல்லி ஒருவரிடம் பரீட்சை வைக்கக் கூடாது. லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தே வந்த இயேசு, கல்லறைக்குப் போகும் முன் அழுதார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது சொல்வார்களா?

போன சனிக்கிழமை டயாலிசிஸுக்குச் சித்தியோடு நான்தான் போனேன். வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு மெஷின். பக்கத்துக் கட்டிலில் ஒரு ஆட்டோ டிரைவர், அதற்கடுத்து ஸ்கூல் வாத்தியார் ஒருவர். எல்லோருக்கும் எல்லோருடைய எடையும் தெரியும். யார் எவ்வளவு தண்ணீர் குடித்து ஏற்றிக்கொண்டு வந்தார் என்று கேலி வேறு நடக்கிறது. டிரைவர் அண்ணனுக்கு அன்று பிரஷர் இறங்கி வாந்தி வந்தது. சித்தி தன் கட்டிலில் இருந்தபடியே அவர் பெயரைச் சொல்லி மெதுவாக ஜெபித்தார். அவர் முஸ்லிம். முடிந்ததும் அவர் கையை உயர்த்திக் காட்டினார், சித்தியும் காட்டினார். இது அங்கே வழக்கம்போல.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டேன். "சித்தி, நெசமாவே ஒங்களுக்குச் சந்தோஷம் இருக்கா? எனக்காகச் சொல்லாதீங்க."

கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் சொன்னார்: "இருக்கு மக்களே. எல்லா நாளும் இல்ல. இல்லாத அன்னிக்கு, முன்னால இருந்தது ஞாபகத்துல இருக்கும். செத்தா எங்க போவேன்னு எனக்கு ஒரு பயமும் கெடையாது. அதை ஆண்டவர் பாத்துக்கிட்டாரு. நாளைக்கு எப்பிடி இந்தப் பஸ்ஸுல ஏறுவேன்னுதான் பயம்."

அந்த ஜெபக்குழு அம்மாவுக்கு ஏன் பதில் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவளுக்கும் வீட்டுல ஆயிரம் கெடக்கு. சாயா குடிச்சிட்டுப் போட்டுமே" என்றார்.

நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தரை பஸ்ஸுக்கு நிற்க வேண்டும், சித்தியை ஏற்றிவிடுவது என் பொறுப்பு. கிரிக்கெட்டைப் பற்றி அடுத்த வாரம் கட்டாயம் எழுதுகிறேன்.